வாயில் பறியோடு ஒரு பேட்டி

ரெக்கார்டரை எப்படிப் பிடிப்பது, ஒவ்வொரு பதிவையும் எத்தனை இடத்தில் படியெடுத்து வைப்பது என்பதையெல்லாம் காலையிலேயே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான், நான் சொல்லப்போவது என் பெருமை இல்லை. இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினவன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு பெண்ணின் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தேன். நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள், உங்களுக்கும் கெட்டிக்காரத்தனம் நிறைய இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் முன் நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருஷம் புத்தகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதியவன். வரிசையில் ஓர் எண் விட்டுப்போனால் எனக்குச் சோறு இறங்காது. "இவருக்கு இட்லி வச்சாக்கூட நம்பர் போட்டுட்டுத்தான் தின்பாரு" என்பாள் என் மனைவி. உட்கார்ந்தால் காலை ஆட்டுவேன் என்பது அவளுடைய இன்னொரு புகார். அதைப் பிறகு சொல்கிறேன்.

சுனாமி வந்துபோன இரண்டாம் வருஷம், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். கிள்ளைக்கு அப்பால் உப்பங்கழி ஓரத்தில் இருளர் குடியிருப்பு ஒன்று, முப்பது வீடு. அலைக்குப் பிறகு அங்கே வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்குக் கணக்கே இல்லை. எடுத்த படத்தில் ஒன்றைக்கூட அந்த ஜனங்கள் கண்ணால் பார்த்ததில்லை. "எங்க மூஞ்சி எப்படி இருக்குதுன்னு ஊரு ஒலகத்துக்கே தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது" என்று அவர்கள் சண்டை பிடித்த பிறகுதான் இந்தத் திட்டம் வந்தது. சமுதாயக் கூடத்தில் ஒரு கணினி. அவர்களுடைய பாட்டு, மருந்து, மீன் பிடிக்கும் முறை எல்லாம் அதில் பதிவாகும். எதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை அவர்களே சொல்வார்கள். பதிவு செய்யவும் பட்டியல் போடவும் மட்டும் நான்.

முதல் வருஷம் ஆயுத பூஜைக்குக் கேமராவின் கண்ணாடி மேலேயே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். நூலகத்தில் அலமாரிக்கெல்லாம் வைத்த பழக்கம். பூஜை முடிந்ததும் துடைத்தேன், ஆனால் சரியாகத் துடைக்கவில்லை. அடுத்த பத்து நாள் எடுத்த படங்களில் யாரை எடுத்தாலும் நெற்றிக்கு மேலே மங்கலாக ஒரு மஞ்சள் நிலா. குடியிருப்பில் யாரும் குறை சொல்லவில்லை. "சாமி படத்துல இருக்குற மாதிரி இருக்குது" என்று கூடுதலாகப் பிரதி கேட்டார்கள்.

திட்டத்தை நடத்திய மேடம் கடலூரிலிருந்து வாரம் ஒரு நாள் பஸ் ஏறி வருவார். அதிகம் பேச மாட்டார். சேர்ந்த அன்றைக்கு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "எதையாவது அழிக்கணும்னு தோணுச்சுன்னா, அதுல பேசுனவங்களக் கேட்டுட்டு அழிங்க." சரி மேடம் என்றேன். இருபத்தாறு வருஷ அனுபவக்காரனுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று மனசுக்குள் நினைத்தேன்.

அங்கே இறால் பிடிப்பதற்கு வலை கிடையாது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கழிக்குள் இறங்கிச் சேற்றுத் தரையைக் கையால் தடவிக்கொண்டே போவார்கள். தட்டுப்படுவதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைக் கயிற்றோடு பல்லில் கடித்துக்கொள்வார்கள். அதற்குப் பறி என்று பெயர். ஆணும் பெண்ணும் கழுத்தளவுத் தண்ணீரில் பறியைக் கடித்தபடி மணிக்கணக்கில் தடவுவார்கள். அவர்களில் கைகாரி அஞ்சலை. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவளோடு எப்போதும் சேர்ந்து இறங்குகிறவள் அவள் நாத்தனார் பச்சையம்மாள்.

இவர்கள் வேலை செய்யும்போதே பேட்டி எடுத்தால் உயிரோட்டமாக இருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை. படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு, ரெக்கார்டரை நீட்டிக் கேள்வி கேட்டேன்.

"இந்தத் தொழிலை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?"

"ம்ம்."

"எந்த மாதத்தில் இறால் அதிகம்?"

"ம்ம்ம்ம்."

வாயில் கூடையைக் கடித்திருப்பவர்களிடம் பேட்டி எடுத்த ஒரே மனிதன் இந்தத் தாலுகாவில் நானாகத்தான் இருப்பேன். அவர்களும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. நாற்பது நிமிடம். கரையேறியதும் பெருமையாகச் சொன்னேன்: "அஞ்சலை, இது உங்களுடைய பதினேழாம் நம்பர் பதிவு. நினைவு வைத்துக்கொள்ளுங்கள்." அவள் தலையாட்டினாள். அன்றைக்குக் குடியிருப்பில் கரண்டு இல்லை. கணினியில் ஏற்ற முடியாமல், பஸ்ஸில் வரும்போது காதில் மாட்டிக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம், என் குரல், நடுநடுவே "ம்". வீட்டுக்கு வந்து பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "17. இறால் பிடித்தல். பயனற்றது. சத்தம் மட்டும்."

மறுநாள் கூடத்துக்கு முறையான திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் மேடை ஏறிவிட்டார். அப்போதுதான் மெமரி கார்டு நிரம்பிவிட்டது என்று ரெக்கார்டர் சிணுங்குகிறது. அவர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். யோசிக்க எனக்கு அரை நிமிடம்தான். எது பயனற்றது என்று நானே எழுதிவைத்திருக்கிறேனே! பதினேழை அழித்தேன். பேசினவர்கள் எனக்குப் பத்தடி தள்ளித் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விருந்தினரின் உரை, அதுவும் கிட்டத்தட்ட நாற்பது நிமிடம், பத்திரமாகப் பதிவானது. வரிசையில் இடைவெளி விழக் கூடாது என்பதற்காக அந்த உரைக்கே பதினேழு என்று எண் கொடுத்தேன். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

இரண்டு வருஷம் யாரும் பதினேழைக் கேட்கவில்லை. தினமும் காதில் விழுவதை யார் கணினியில் போட்டுக் கேட்பார்கள்? பாட்டும் படமும்தான் கேட்பார்கள்.

2008இல் அஞ்சலையின் மகள் கஸ்தூரி பிளஸ் டூ தேறி, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும் முதல் ஆள் அவள். பழங்குடி என்பதற்கான சாதிச் சான்றிதழைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. எட்டு மாதமாக மனு போட்டும் சான்றிதழ் வரவில்லை. கடைசியில் வியாழக்கிழமை காலை நேரில் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். ஐம்பது வயது, கையில் தடியான ஃபைல், பளபளவென்று ஷூ. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தப்பான ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தன் வேலைக்கு ஆபத்து என்ற பயம் அவருக்கு நிறைய இருந்தது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கஸ்தூரி மார்க் ஷீட் வைத்த பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"இருளர்னா பாம்பு பிடிப்பீங்கதானே? ஒண்ணு பிடிச்சுக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

அஞ்சலை சொன்னாள்: "பாம்பா? அதப் பாத்தா நானே ஓடுவேன் சார். நாங்க கழியில பொழைக்கிறவங்க. நீங்க புடிப்பீங்களா?"

"நான் எதுக்கும்மா பிடிக்கணும்?"

"நானும் அதத்தான் சார் கேக்குறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இங்க பாரும்மா, மீன் பிடிக்கிறோம்னு யார் வேணா சொல்லலாம். பரங்கிப்பேட்டை வரைக்கும் எல்லாரும்தான் பிடிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது, வெளியாளுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?"

"இருக்குது சார். தண்ணிக்குள்ள நாங்க பேசிக்கிறது."

"வாயில கூடையை வச்சுக்கிட்டா?"

"அதனாலதான் சார். வாயத் தொறக்காமயே பேசிக்குவோம். இறா கெடச்சா ஒரு சத்தம், நண்டு கெடச்சா ஒண்ணு. கெளுத்தி மீனு இருந்தா, முள்ளு குத்திடும் பாத்து வான்னு ஒண்ணு. வேற யாருக்கும் அது தெரியாது." என் பக்கம் கையைக் காட்டினாள். "எல்லாம் பொட்டிக்குள்ள இருக்குது. சார்தான் பதிஞ்சாரு. பதினேழாம் நம்பரு. போட்டுக் காட்டுங்க சார்."

அந்த "ம்" எல்லாம் பேச்சு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். என் முகத்தைப் பார்த்தே பச்சையம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்: "கரண்டு இல்லன்னு சொல்லிடுங்க சார்." எங்கள் தலைக்கு மேலே ஃபேன் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"போடுங்க சார்" என்றார் அதிகாரி. நான் மௌஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கஸ்தூரி, பாவம், உதவி செய்வதாக நினைத்து முன்னால் வந்து பதினேழைத் தட்டிவிட்டாள்.

"நம் பழங்குடி மக்களின் அரிய அறிவில் ஒரு துளியைக்கூட நாம் இழந்துவிடக் கூடாது!" என்று முழங்கினார் சிறப்பு விருந்தினர். தொடர்ந்து பலத்த கைதட்டல்.

"யாருங்க இது?" என்றார் அதிகாரி.

பழுதாகிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது, கடலூருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மூன்று பொய் நாக்கு நுனிவரை வந்தன. மூன்றில் எதைச் சொன்னாலும் அவர் ஃபைலை மூடிக்கொண்டு போயிருப்பார். அஞ்சலை பொய் சொல்லுகிறாள் என்றுதான் அறிக்கையில் எழுதியிருப்பார். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் சத்தமாகவே படித்தார்: "பயனற்றது. சத்தம் மட்டும். யார் எழுதினது?"

"நான்தான் சார். பேச்சு என்று தெரியாமல் அழித்துவிட்டேன். அந்தம்மா சொல்வது நிஜம், தப்பு என்னுடையது."

அஞ்சலை என்னையே பார்த்தாள். "ஒரு வார்த்த எங்களக் கேட்டா இன்னா சார் கொறஞ்சா போயிடுவ? நீ உன் வூட்ல பேசுறத நான் வந்து வெறும் சத்தம்னு எழுதுனா ஒத்துக்குவியா? எம் பொண்ணு வாழ்க்க அதுல இருந்துச்சேய்யா." "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. அது நியாயந்தான். நின்ற இடத்தில் தரை பிளக்காதா என்றிருந்தது எனக்கு. உங்களில் யாருக்கும் அந்த நிமிடம் வரக் கூடாது.

அவள் அதோடு விடவில்லை. வாசலுக்குப் போய்க் கழியை எட்டிப் பார்த்தாள். "தண்ணி வத்துது. பொட்டில இல்லாட்டி போவுது, எங்க வாயில இருக்குதுல்ல. வாங்க சார், எறங்கிக் காட்டுறோம்."

பரீட்சையை அதிகாரியே வகுத்தார். நூலகத்துக்கு வந்திருக்க வேண்டியவர் அவர். அஞ்சலை பறியோடு கரையோரம் முழங்காலளவுத் தண்ணீரில் இருப்பாள், அவர் பக்கத்தில் நின்று அவள் பிடிப்பதை வரிசையாக எழுதுவார். பச்சையம்மாள் கரையில், சுரபுன்னைப் புதருக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கேட்கும் சத்தத்துக்கு அவள் அர்த்தம் சொல்ல, நான் எழுத வேண்டும். பிறகு இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்ப்பது. ஷூவைக் கழற்றி, பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு அதிகாரி இறங்கினார். சேறு கணுக்காலைப் பிடித்ததும் "ஐயோ" என்றார்.

கழிப் பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு "ம்" வந்தது. "இறா" என்றாள் பச்சையம்மாள். எழுதினேன். அடுத்தது வேறு மாதிரி, நீளமாக இழுத்துக் கீழே இறங்கியது.

"இது என்ன?"

"அத வுடுங்க சார். எழுதாதீங்க."

நன்றாகச் சொன்னாள்! விட்டுவிட்டு எழுதிப் பட்டபாடு போதாதா? "நீளமாக ஒன்று" என்று எழுதினேன். இறால். நீளமாக ஒன்று. நண்டு. கெளுத்தி. நீளமாக ஒன்று. இறால். நீளமாக இரண்டு. ஒவ்வொரு நீளத்துக்கும் பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன்.

அதிகாரி கரையேறி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "இறால், இறால், நண்டு, கெளுத்தி, இறால். அப்படியே இருக்கு" என்றார். கஸ்தூரி மூச்சு விட்டாள். உடனே அவர் புருவம் சுருங்கியது. "ஆனா இது என்ன, நீளமா ஒண்ணுன்னு? அஞ்சு இருக்கு. அந்தம்மா இந்த அஞ்சையும் பிடிக்கவே இல்லையே. எனக்குக் கணக்கு உதைக்குதே."

அஞ்சலை பறியை வாயிலிருந்து எடுத்தாள். "அது மீனு இல்ல சார்."

"பின்ன?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "வெளியாளு ஒருத்தன் தண்ணிக்குள்ள கால ஆட்டினு இருக்கான், கலங்குது, இறா ஓடுதுன்னு அர்த்தம் சார்."

அதிகாரி குனிந்து சேறு அப்பிய தன் கால்களைப் பார்த்தார். "அஞ்சு தடவையா ஆட்டினேன்?"

"ஆறு சார். ஒரு தடவ பாவம்னு வுட்டுட்டேன்."

முதலில் பச்சையம்மாளுக்குத்தான் சிரிப்பு வெடித்தது. அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். படகின் பலகைமேல் ஃபைலை வைத்து அங்கேயே அறிக்கையை எழுதினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் கஸ்தூரி கையில் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த நீளமான "ம்ம்ம்" எனக்குப் பழகிய சத்தம். திரும்பிப் போய் அஞ்சலையிடம் கேட்டேன். "அன்றைக்கு நான் பதிவு செய்தேனே, அதில் நிறைய வந்தது..."

"அது முழுக்க உங்களப் பத்திதான் சார்" என்றாள். "நீங்க" திரும்பி வந்திருந்தது. "படகுல குந்திகினு கால ஆட்டினு, கத்தினு இருந்தீங்க. அன்னிக்கி ஒரு கொழம்புக்குக்கூட இறா கெடைக்கல. அதப் போட்டுக் காட்டியிருந்தா, உங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வார்த்ததானான்னு கேட்டிருப்பாரு. அழிச்சதே நல்லதாப் போச்சு."

இதைக் கேட்டுவிட்டு, அழித்தது நல்லது என்று யாரும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவள் பெருந்தன்மைக்குச் சொன்னது அது. நான் அவர்கள் பேச்சைப் பயனற்றது என்று எழுதிவைத்த அதே நாற்பது நிமிடமும் அவர்கள் என்னைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

அடுத்த வாரம் மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தச் சிறப்புரைய அழிச்சுடாதீங்க. நீங்க செஞ்சதுக்கு அதுதான் சாட்சி" என்றார், அவ்வளவுதான். அது இன்னும் பதினேழாம் எண்ணிலேயே இருக்கிறது, கீழே என் வாக்குமூலத்தோடு. இறால் பிடிப்பதை மறுபடி பதிவு செய்தோம். நான் கரையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எழுதலாம் என்று அஞ்சலையும் பச்சையம்மாளும் சொன்னார்கள். எந்தக் கால்வாயில் இறால் கிடக்கிறது என்று சொல்லும் சத்தங்களைக் குடியிருப்புக்கு வெளியே யாரும் கேட்கக் கூடாது என்றார்கள், என்னையும் சேர்த்துத்தான். அவற்றின் அர்த்தம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

2012இல் இந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற கையோடு எனக்குச் சர்க்கரை வந்து, கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்தேன். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் முகமூடி போட்டிருந்தாள், எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊசியைப் பார்த்ததும் வழக்கம்போல என் கால் ஆட ஆரம்பித்தது. கட்டிலே குலுங்கியது. அவளுக்கு இரண்டு கையிலும் வேலை, ஒன்று என் கையைப் பிடித்திருந்தது, இன்னொன்றில் ஊசி. கண்ணை நரம்பிலிருந்து எடுக்காமலே, முகமூடிக்குள்ளிருந்து நீளமாக இழுத்துக் கீழே இறக்கினாள்: "ம்ம்ம்ம்."

காலை நிறுத்தினேன். "கஸ்தூரியா?" என்றேன்.